அங்கீகரிக்கப்பட்ட எதிரி

கருணாபுரத்து வேடியப்பனுக்கு மீசை பெரிது, குரல் பெண்குரல். பகலெல்லாம் அரிசி மண்டியில் மூட்டை தூக்குவான். பொழுது சாய்ந்தால் யார் வீட்டுக் காதுகுத்திலாவது மைக் முன்னால் நின்று, கண்ணை மூடி, வெட்கப்பட்டுப் பாடுவான். முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது பதினெட்டு வயதுப் பெண். திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு மூட்டை தூக்குகிற ஆள். திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்கென்றே கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு ஒரு கூட்டம் இருந்தது.

ஆண்குரல் கரீமுடையது. கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்தான். வருகிற பெண்களின் கையைத் தொடாமலே அளவு சொல்லுவான். பாட்டிலும் தனக்கு அப்படித்தான் என்பான். வேடியப்பன் மூச்சு எவ்வளவு, எங்கே நிற்கும் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வான். சினிமாவில் ஒரு காதல் பாட்டுக்கு ஆணும் பெண்ணும் தேவைப்படுகிறது, நம் ஊரில் மண்டியும் வளையல் கடையும் போதும் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள்தான் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக இவர்களைக் கூப்பிட்டார்கள்.

இருவருக்கும் சொந்தமாக ஒரே ஒரு பாட்டு இருந்தது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு வண்டி வரிசைக்குப் பின்னால் டவுன் பஸ் அரை நாள் நகராமல் நின்றபோது, வேறு வேலை இல்லாமல் இட்டுக்கட்டியது. வண்டிக்காரன் கேட்கிறான், கரும்பு வெட்டுகிற பெண் வெடுக்கென்று பதில் சொல்கிறாள். அவன் இரண்டு வரி, அவள் இரண்டு வரி. அவ்வளவுதான் பாட்டு. கரும்பு வண்டிப் பாட்டு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. டேப் ரெக்கார்டர் வந்து ஒவ்வொரு கல்யாண வீடாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக்கூட வேடியப்பன் பொருட்படுத்தவில்லை. நாற்பதைத் தாண்டியதும் மேலே போகும்போது குரல் லேசாகக் கீறியது. அதுதான் அவனை உறுத்தியது.

"பாய், இன்னும் ஒரு வருசந்தான். அப்பறம் இந்தப் பொண்ணு கெழவியாயிடுவா. அதுக்குள்ள மலைமேல கரியாலூர் கோட விழாவுல, பெரிய மைக்குல, நம்ம பாட்ட ஒரு தபா பாடிடணும்."

"நீ கெழவியானா நான் மட்டும் கொமரனாவா இருப்பன்? போலாம் வா" என்றான் கரீம்.

போகலாம் என்றால் போய்விட முடியுமா? நடுவில் பேரவை இருந்தது.

கள்ளக்குறிச்சி வட்டார மெல்லிசைக் கலைஞர் பேரவை உரக்கடை மாடியில் இயங்கி வந்தது. இயங்கியது மின்விசிறி மட்டும்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனாலும் பேரவை அட்டை இல்லாத வாயின் முன்னால் எந்த மைக்செட்காரனும் மைக்கை நீட்ட மாட்டான். அதுவரை காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் விலக்காக இருந்தன. அந்த வருஷத்திலிருந்து அதுவும் இல்லை, அட்டை இல்லாதவன் தாலாட்டுகூடப் பாடக்கூடாது என்று முடிவாகியிருந்தது.

வேடியப்பன் குளித்து, வேட்டி மாற்றி, மாடி ஏறினான். செயலாளர் சடையன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"பேரு?"

"வேடியப்பங்க."

"வகை?"

"பொம்பள கொரலுங்க."

"எதிரி?"

வேடியப்பன் தன் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"இன்னாங்க?"

"உன் எதிரி யாருன்னு கேக்கறேன். இசைத் துறையில உன்னோட பகையாளி."

"மூட்ட தூக்கறவனுக்கு யாருங்க பகையாளி? எல்லாரும் வேண்டியவங்கதான்."

சடையன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாடி பார்த்துவிட்டு வீட்டுக்காரர்களைத் தனியே கூப்பிடுகிற வைத்தியரின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"மச்சான் சின்னக்கண்ணு ஒருத்தன் இருக்கான்ங்க. ஆடு கொல்லையில மேஞ்சதுல பேச்சுவார்த்த இல்ல. அவன வேணா வெச்சிக்கலாமா?"

"அவரு பாடுவாரா?"

"கொறட்ட நல்லா வுடுவாங்க."

இந்தச் சமயத்தில்தான் உள்ளறையிலிருந்து தலைவர் 'இசைக்கொண்டல்' பொன்னுரங்கம் வெளிப்பட்டார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை இருக்கும், சித்திரை வெயிலிலும். அவர் பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"தம்பி, உக்காரு. சென்னையில பாட்டுத் துறையில பெரிய ஆளுங்க யாராவது ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்களா? மெட்டுப் போட்டவரு பாடினவரோட பேசறதில்ல. பாடினவரு எழுதினவரோட பேசறதில்ல. பத்திரிகைய எடுத்துப் பாரு. பாட்டப் பத்தி ரெண்டு வரி, சண்டையப் பத்தி எட்டுப் பக்கம். டீக்கடைக்கு டீக்கடை இந்தக் கட்சி, அந்தக் கட்சி. ஏன் நம்ம வட்டாரத்துல ஒரு மேதைகூடப் பொறக்கல? நானும் பல வருசம் யோசிச்சேன். பகை இல்ல தம்பி! எல்லாரும் கூடிக் கூடி டீ குடிச்சிக்கினு இருக்கறோம். டீ குடிச்சவன் எவன் மேதையானான்?"

சடையன் எழுந்து நின்று தலையாட்டினார். பேரவையில் தலைவர் கேள்வி கேட்டால் நின்றுகொண்டு தலையாட்டுவதுதான் பதில்.

அந்த மாடியில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் 'பகை வரலாறு' வாசிக்கப்படும் என்பதை வேடியப்பன் கேள்விப்பட்டிருந்தான். அன்று அவனுக்காகவே ஒருமுறை வாசிக்கப்பட்டது. சின்னசேலம் பக்கத்தில் ஒரு கிளாரினெட்காரர் ஊதும்போது, இன்னொருவர் முன்வரிசையில் உட்கார்ந்து புளியங்காய் கடித்ததில் பிறந்த பகை. ஒரே கல்யாணத்தில் ஒரே சினிமாப் பாட்டை இருவர் 'என் பாட்டு' என்று கொண்டாடியதில் பிறந்த பகை. பாட்டை எழுதியவர் யாரோ, மெட்டுப் போட்டவர் யாரோ, பாடியவர் யாரோ, உரிமை மட்டும் இவர்களுக்கு. இவற்றுக்கெல்லாம் மூத்தது, ஆர்மோனியப் பெட்டி மேடையில் நடுவில் இருக்க வேண்டுமா ஓரத்தில் இருக்க வேண்டுமா என்று பொன்னுரங்கத்துக்கும் முனியனுக்கும் மூண்ட பெரும்பகை.

"அன்னிக்கு நிறுத்தினேன் பாட்ட" என்றார் தலைவர் பெருமையோடு. "பகைய ஒழுங்கா நடத்தறவனுக்குப் பாட நேரம் ஏது? இன்னிவரைக்கும் வருசம் தவறாம முனியனக் கண்டிச்சுத் தீர்மானம் போடறேன். அவன்தான் பதில் சொல்றதில்ல."

"முனியண்ணன் செத்துப் பூட்டாருங்களே?" என்றான் வேடியப்பன்.

"அது அவன் பக்கத்துக் குறைபாடு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? என் பக்கத்த நான் கொறவில்லாம நடத்திக்கினு வரேன்."

கோடை விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல எதிரியோடு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

வேடியப்பன் நேராக வளையல் கடைக்குப் போனான். கரீமுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவனையும் முந்தின நாள் அதே கேள்விதான் கேட்டிருந்தார்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு யோசிக்கறே? எனக்கு நீ, உனக்கு நான். எதிரின்னா நம்பிக்கையான ஆளா இருக்கணும் வேடி. வெளியாள வெச்சா கடசியில காலை வாரிடுவான்."

அது சரியான யோசனையாகவே பட்டது. இருவரும் ஒரே சைக்கிளில் பேரவைக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள்.

தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் பகைக்குக் காரணம் வேண்டுமாம். காரணமில்லாத பகை வரலாற்றில் நிற்காதாம்.

"அவரு பாய், இவரு நம்ம ஆளு" என்று சடையன் மெல்ல எடுத்துக்கொடுத்தார். "அதையே காரணமா..."

"வேணாம் வேணாம்" என்று தலைவர் கையை உதறினார். "அந்தக் காரணத்துக்குன்னு வேற சங்கமெல்லாம் இருக்குது. பெரிய பெரிய ஆளுங்க நடத்தறாங்க. அவங்களோட நாம போட்டி போட முடியாது. தொழில்ல எதாவது சொல்லுங்க."

வேடியப்பன் யோசித்துக்கொண்டு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"மூச்சுங்க. ஒவ்வொரு வரியையும் கடசியில இவரு இழுஇழுன்னு இழுப்பாரு. அவரு வுடறப்ப நான் எடுத்தாவணும். நடுவுல மூச்சு வாங்க எடமே கெடயாது. வேட்டிக்குள்ள காலு நடுங்கும்ங்க எனக்கு. வெளிய மட்டும் வெக்கப்பட்டுக்கினு நிப்பன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்று கரீமைப் பார்த்தான். கரீம் சிரிக்கவில்லை. மூச்சு அத்துப்படி என்று கடைவீதியெல்லாம் பீற்றிக்கொண்டவன் அல்லவா?

"உங்க காரணம்?" என்றார் சடையன்.

"கைதட்டு வந்தா இவன்தான் முன்னால போயி கும்புடுவான்" என்றான் கரீம். "மீசைக்காரன் பொம்பளயாப் பாடறான்னு ஒரே விசில். நான் பின்னாடி மைக் ஒயரச் சுத்திக்கினு நிப்பன். இத்தினி வருசத்துல ஒரு தபா, 'இவருந்தான் பாடினாரு'ன்னு சொன்னதில்ல."

தலைவர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அபாரம்! ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு என்னமாப் பொருந்துது!" அந்த இடத்திலேயே பகை அங்கீகரிக்கப்பட்டு, அட்டையும் எழுதப்பட்டது. சடையன் இருவருக்கும் கைகொடுத்தார். அவர்கள் இருவரும் கைகொடுத்துக்கொள்ளப் போனபோது தடுத்துவிட்டார்.

படி இறங்கும்போது கரீம் கேட்டான். "நெசமாவே மூச்சு முட்டுமா?"

"சும்மா சொன்னன் பாய். நீ?"

"நானுஞ் சும்மாத்தான்."

இரண்டு சும்மாவையும் இரண்டு பேருமே நம்பவில்லை. கரீம் சைக்கிளை மிதித்துக்கொண்டு தனியாகப் போனான். வேடியப்பன் கருணாபுரம் வரை நடந்தான். வழியில் பார்த்தவர்கள், பேரவை விதிப்படி நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விதிகள் கொஞ்சநஞ்சமில்லை. எதிரிகள் ஒரே டீக்கடையில் டீ குடிக்கக் கூடாது. எதிரே வந்தால் ஒருவர் சாலையைக் கடந்துவிட வேண்டும். யார் கடப்பது என்பதில் தகராறு வந்தால் அதைத் துணைப்பகையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு ரசிகர் படையையும் பேரவையே கொடுத்தது. பஸ் நிலையத்தில் சும்மா நின்ற பயல்களைப் பிரித்து ஒரு பாதிக்குப் பச்சைத் துண்டும் மறு பாதிக்கு மஞ்சள் துண்டும் தந்தார்கள். காலையில் வேடியப்பன் வாழ்க என்று கத்தியவனே மாலையில் துண்டை மாற்றிக்கொண்டு கரீம் வாழ்க என்றான். ஆள் பற்றாக்குறையாம்.

நோன்புப் பெருநாள் அன்று சடையன் பகையைச் சோதிக்கக் கருணாபுரம் வந்தார். வேடியப்பன் மனைவி தைலம்மாள் வாசலில் உட்கார்ந்து பிரியாணித் தூக்கைத் திறந்திருந்தாள். கரீம் மனைவி மெகருன்னிசா அனுப்பியது. எந்த வருஷமும் தவறியதில்லை. அந்த வருஷம் கரீமே கொண்டுவராமல் ஆள் மூலம் வந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்றார் சடையன், மூக்கை விடைத்துக்கொண்டு.

வேடியப்பன் திருதிருவென்று விழித்தான். தைலம்மாள் விழிக்கவில்லை.

"எதிராளி வூட்லேர்ந்து புடுங்கிக்கினு வந்தங்க" என்றாள்.

சடையன் முகம் மலர்ந்தது. "பறிமுதல்! அப்படித்தான் இருக்கணும்." பறிமுதல் செய்த பொருளைப் பேரவை பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பரிசீலனை தூக்கின் அடி தெரியும்வரை நடந்தது. ஏப்பம் விட்டு எழுந்தவரின் கண் தைலம்மாள் கையில் பட்டது.

"இந்த வளையல் எந்தக் கட?"

"கரீமண்ணன் கட."

"எதிரி கட வளையலு. உடனே கழட்டணும்மா. விதி."

தைலம்மாள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள். கருணாபுரத்தில் அவள் முந்தானை சொருகினால் அந்தத் தெரு நாய்கூடப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

"இன்னாய்யா சொன்ன? எம்புருசன் உசுரோட குந்திக்கினு இருக்கசொல்ல என்ன வளையலக் கழட்டச் சொல்றியா? துன்ன சோறு செரிக்கறதுக்குள்ள வாயில இதுவா வருது? உங்க தலைவரு செத்தவங்கூட சண்ட போடறாரு, நீ உசுரோட கீறவனச் சாவடிக்கறியா? போய்யா, உன் பேரவையும் நீயும்!"

சடையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். மனைவிமாருக்கு விதிகள் பொருந்தாது என்று மறுநாளே ஒரு திருத்தம் வந்தது.

அவர் போன பிறகு தைலம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அண்ணன் ஏன்யா தூக்க அவரே எடுத்துக்கினு வரல? அந்த ஆளு போட்ட விதியா, இல்ல நீங்களே போட்டுக்கினதா?"

மண்டியில் மூட்டை தூக்கும்போது வேடியப்பன் வாய் தன்பாட்டுக்குக் கரும்பு வண்டிப் பாட்டை முணுமுணுக்கும். பெண் வரி முடிந்து, ஆண் வரி வர வேண்டிய இடத்தில் வாய் காத்திருக்கும். ஒன்றும் வராது. மூட்டையை இறக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவான். கடைவீதியில் கரீம் கடை முன்னால் வந்தால் சாலையைக் கடந்துவிடுவான். யாரும் பார்க்காதபோதும் கடந்தான். அதுதான் கவலைக்குரிய விஷயம்.

கோடை விழா வந்தது. கரியாலூரில் மைதானத்தின் இந்தக் கோடியில் ஒரு மேடை, அந்தக் கோடியில் ஒரு மேடை. எதிரிகளை ஒரே மேடையில் ஏற்றினால் பகையின் கௌரவம் என்ன ஆவது? இரண்டு மேடைக்கும் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டி, ஒன்றையொன்று முறைக்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் பந்தல் போட்டுத் தலைவரும் செயலாளரும் விருந்தினர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். போட்டி என்னவென்றால், இரண்டு எதிரிகளும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பாட்டைப் பாட வேண்டும். யார் குரல் மற்றவர் குரலை அமுக்குகிறதோ அவருக்குக் கேடயம்.

"இசை என்பது என்ன?" என்று பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தார். "ஒருவனை இன்னொருவன் வாயைத் திறக்க விடாமல் செய்யும் கலை! நான் முப்பது ஆண்டுகளாகப் பாடவில்லை. என்னால் எத்தனை பேர் பாடாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே இந்தப் பேரவையின் சாதனை!"

விருந்தினர்கள் கைதட்டினார்கள். தினை, சாமை விதைப்பை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க வந்த மலை ஜனங்கள் சும்மா இருந்தார்கள். சோடி சோடியாக எதிரிகள் ஏறி ஒரே நேரத்தில் கத்தினார்கள். கிளாரினெட்டுக்கு எதிரே கிளாரினெட். ஒருவர் முருகன் பாட்டு, எதிரி அதே முருகனுக்கு வேறு பாட்டு. பக்கத்து மரத்திலிருந்த குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப்போயின. ஜனங்களில் பாதிப் பேர் பொரி வாங்கப் போனார்கள், மீதிப் பேர் அருவிக்குப் போனார்கள்.

கடைசிச் சோடி வேடியப்பன், கரீம்.

வேடியப்பன் மேடையேறி மைக் முன்னால் நின்றான். எத்தனை நாள் ஆசைப்பட்ட பெரிய மைக்! அந்தக் கோடியில் கரீம் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான். பக்கத்தில் ஆள் இல்லாமல் வேடியப்பன் மேடையில் நின்றதில்லை. கண்ணை மூடினான். வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. தனியாகப் பாட ஒரு சினிமாப் பாட்டைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். முதல் வார்த்தை தொண்டைக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பந்தலிலிருந்து சடையன் கையைக் கையை ஆட்டினார். அப்போது மைதானத்தைக் கடந்து அந்தக் கோடிக் கூம்பிலிருந்து வந்தது.

*வண்டி போற பாதையில வழிமறிச்சு நிக்கிறியே,*
*வாடி நிக்கிற மாட்டுக்குத்தான் வழிய விட்டா ஆகாதா?*

வேடியப்பன் கண்ணைத் திறந்தான். வரியின் கடைசி வந்துகொண்டிருந்தது. இனி இழுப்பான், மலை முகடு வரைக்கும் இழுப்பான் என்று உடம்பு தானாக இறுகியது.

கரீம் இழுக்கவில்லை. பட்டென்று நிறுத்தினான்.

அந்த இடத்தில் ஒரு முழு மூச்சுக்கு இடம் கிடந்தது. இத்தனை வருஷத்தில் வேடியப்பன் பார்த்திராத இடம். நின்று நிதானமாக மூச்சை இழுத்தான்; வேட்டிக்குள் கால் நடுங்கவில்லை.

*வழிமறிச்சது நானில்ல, வந்து நிக்குது உன் மாடு,*
*கரும்புக் கட்ட எண்ணத் தெரியாம கண்ண எண்ண வந்தியா?*

கரீம் கேட்டான், வேடியப்பன் பதில் சொன்னான். பொரி வாங்கப் போனவர்கள் பொட்டலத்தோடு ஓடிவந்தார்கள். இந்த மேடைக்கு வந்தால் பெண் மட்டும் நன்றாகக் கேட்டாள். அந்த மேடைக்குப் போனால் ஆண் மட்டும். இருசம்மாள் என்று ஒரு மலைக்காரி, தலையில் விறகுக் கட்டோடு நின்றவள், நடு மைதானத்தில் கட்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இங்க வாங்கடி, இங்கதான் ரெண்டு பேரும் இருக்காங்க" என்று கத்தினாள். மொத்தக் கூட்டமும் நடுவில் போய் உட்கார்ந்தது. எதிரே ஒன்றுமில்லாத வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு, இந்தக் காதில் ஆணும் அந்தக் காதில் பெண்ணுமாகக் கேட்டார்கள். விருந்தினர் பந்தலுக்கு அத்தனை பேரின் முதுகும் தெரிந்தது.

கடைசி வரியில் மேலே போகும்போது வேடியப்பன் குரல் கீறியது, நன்றாகவே கீறியது. கூட்டம் அதற்கும் சேர்த்து விசிலடித்தது. வழக்கம்போல அவன் கை கும்பிடுவதற்கு மேலே போயிற்று. பாதியில் நிறுத்தி, அந்தக் கோடியை நோக்கிக் கையை நீட்டினான்.

"அவருந்தாங்க பாடினாரு!"

கூம்பு வழியாக அது மைதானம் முழுக்கக் கேட்டது.

பந்தலில் ஆலோசனை நடந்தது. இரண்டு பேரும் தனித்தனிப் பாட்டு பாடவில்லையே, விதிமீறலோ என்று சடையன் சந்தேகப்பட்டார். பொன்னுரங்கம் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"பெரியோர்களே! பகை வரலாற்றில் இப்படியொரு மோதலை நான் கண்டதில்லை. ஒருவர் வாயைத் திறந்தார். அவர் இரண்டு வரி முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கே விழுந்து தடுத்தார். அவரையாவது முழுசாகப் பாட விட்டார்களா? இவர் மறுபடி புகுந்தார். கடைசிவரை ஒருவரையொருவர் இரண்டு வரிக்குமேல் பாட விடவில்லை! அதிலும் என்ன வார்த்தைகள்! உனக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டுவிட்டார். தொண்டை கிழியக் கேட்டார். முடிந்த பிறகும் ஆத்திரம் அடங்காமல், எல்லாம் அவர் செய்தது என்று கையை நீட்டிக் குற்றம் சாட்டினார். இதுவல்லவா இசை! இந்தப் பகை அணையக் கூடாது. ஆண்டுதோறும் இதே இடத்தில், இதே பாட்டில், இவர்கள் மோதியே ஆக வேண்டும். இது பேரவையின் ஆணை!"

நடு மைதானத்துக் கூட்டம் அன்றைக்கு முதல்முறையாகத் தலைவருக்குக் கைதட்டியது.

கேடயம் ஒன்றுதான் இருந்தது, எதிரிகள் இரண்டு பேர். ஆகவே அதைப் பேரவையே வைத்துக்கொண்டது.

மலையிலிருந்து இறங்க ஒரே பஸ். எதிரிகளை ஒரே பஸ்ஸில் ஏற்றலாமா என்று சடையன் தவித்தார். பிறகு கரீமை முன்வாசலிலும் வேடியப்பனைப் பின்வாசலிலும் ஏற்றி, நடு சீட்டில் தலைவரோடு தானும் உட்கார்ந்துகொண்டார். வண்டி முதல் வளைவில் திரும்பியது. முன்னாலிருந்து கரீம், முகத்தைத் திருப்பாமல், சத்தமாகச் சொன்னான்.

"பின்னாடி ஒரு மீசக்காரரு இருப்பாரு. மூச்சு போதுமா, இன்னும் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

சடையன் துள்ளி எழுந்தார். அங்கீகரிக்கப்பட்ட பகைக்குப் பேரவை உதவாமல் யார் உதவுவது? தள்ளாடிக்கொண்டே பின்னால் போய், அதே வேகத்தோடு வேடியப்பனிடம் சொன்னார். வேடியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் கொடுத்தான்.

"தாராளமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அடுத்த தபா மைக் ஒயர நான் சுத்தறேன்னும் சொல்லுங்க."

சடையன் முன்னால் ஓடினார். "உங்க ஒயர அவரு பறிக்கப்போறாராம்!" கரீம் மேலும் ஒன்று சொன்னான்: பெருநாள் பிரியாணித் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை, நாளைக்குத் தானே வந்து எடுத்துக்கொள்வதாக. அதையும் சடையன் மூச்சு வாங்க வாங்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பஸ்ஸில் இருந்த மலை ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வளைவுக்கு வளைவு செயலாளர் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டேயிருந்தார்.

அடிவாரம் வந்தபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைவர் பக்கத்தில் வந்து விழுந்தார்.

"ஓயவே மாட்டங்கறாங்க தலைவரே. இவரு ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்றாரு. வுட்டா விடியவிடியப் பேசுவாங்க போல."

பொன்னுரங்கம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியே இருட்டத் தொடங்கிய கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சிராயபாளையம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முனியன் ஒரு வார்த்தையாவது பதில் சொல்லியிருக்கலாம்."